மேகத்துக்குள் மலை

நீலகிரியிலே இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று கோத்தகிரிப் பக்கத்து மலைச்சரிவு. மற்றொன்று குன்னூரை அடுத்த காட்டேரிக்குச் சமீபத்திலுள்ள நஞ்சப்பசத்திரம். முதல் இடத்தில் 1950-ம் வருஷம் டிசம்பர் 13-ந் தேதி ஏர் இந்தியா கம்பெனியின் டக்கோட்டா விமானம் ஒன்று மலையில் மோதி, அதிலிருந்தோர் அனைவரும் மாண்டனர். இரண்டாவது இடத்தில் 2021-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி நமது முப்படைத் தலைவர் ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 71 வருஷங்கள் கழிந்துவிட்டன. விமானங்கள் மாறின, யந்திரங்கள் மாறின. மலை மாறவில்லை, மார்கழியை ஒட்டி அதன்மீது வந்து படியும் மேகமும் மாறவில்லை. நாம் மாறினோமா என்பதே இன்று கேட்கவேண்டிய கேள்வி.

நீலகிரியில் நடந்ததற்கும் பாலாற்றங்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. வேலூருக்கு அருகே அப்துல்லாபுரத்தில் இருக்கும் பழைய விமானத்தளம் உடான் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அங்கிருந்து சிறு விமானங்கள் பறக்கவேண்டும் என்பது நமது ஜில்லாக்காரர்களின் நெடுநாளைய கோரிக்கை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் தோல் ஷாப்பும் பூட்ஸ் தொழிற்சாலையும் நடத்துகிறவர்கள் வெளிநாட்டு வியாபாரிகளை அழைத்து வருவதற்கு விமானம் வேண்டுமென்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு எல்லையிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்திறங்கும் நோயாளிகளைப் பார்க்கிற எவரும் அந்தக் கோரிக்கை நியாயமற்றது என்று சொல்லமாட்டார். நாமும் சொல்லவில்லை. விமானம் வரட்டும். ஆனால் அது எந்த மலைகளுக்கு நடுவே, எந்த மேகத்தின் அடியில், எந்த ஏற்பாட்டுடன் வரப்போகிறது என்பதைக் கேட்காமல் மாலையும் மேளமுமாக வரவேற்றுவிடக் கூடாது என்பதே நமது கட்சி.

குன்னூரில் நடந்தது

2021 டிசம்பர் 8-ந் தேதி முற்பகல் 11 மணி 48 நிமிஷத்துக்குச் சூலூர் விமானத்தளத்திலிருந்து அந்த ஹெலிகாப்டர் கிளம்பியது. வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் 12 மணி 15 நிமிஷத்துக்கு இறங்கவேண்டும். அரை மணிக்கும் குறைந்த பிரயாணம். 12 மணி 8 நிமிஷம் சுமாருக்குச் சூலூர் நிலையத்துடன் இருந்த தொடர்பு அற்றுப்போயிற்று. இறங்கவேண்டிய இடத்துக்கு ஏழே நிமிஷ தூரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மலை ரயில் தண்டவாளத்தருகே நின்ற உல்லாசப் பிரயாணிகள் எடுத்த படம் ஒன்றைத் தேசம் முழுவதும் பார்த்தது. தாழப் பறந்துவந்த ஹெலிகாப்டர் வெண்மையான பனிமூட்டத்துக்குள் நுழைகிறது; கண்ணுக்கு மறைகிறது; சற்றைக்கெல்லாம் சத்தம் மாறுகிறது. அவ்வளவுதான்.

அதில் இருந்தவர்கள் 14 பேர். 13 பேர் அன்றே மாண்டனர். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் உயிருக்குப் போராடி டிசம்பர் 15-ந் தேதி பெங்களூரில் காலமானார். முதலில் ஓடிவந்தவர்கள் நஞ்சப்பசத்திரத்துச் சாதாரண ஜனங்கள். கம்பளியும் தண்ணீரும் கொண்டு எரிகிற நெருப்பை நெருங்கியவர்கள் அவர்களே. பெரிய பதவிகளின் பெயர் தெரியாமலே, மனிதர் எரிகிறார் என்ற ஒன்றை மட்டும் அறிந்து ஓடிவந்த அந்த ஏழை ஜனங்களை இந்நாடு மறக்கக்கூடாது.

முப்படைகளின் விசாரணைக் கோர்ட்டு கண்ட முடிவு 2022 ஜனவரியில் வெளியிடப்பட்டது. யந்திரக் கோளாறு இல்லை, சதிவேலை இல்லை, அஜாக்கிரதையும் இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராத விதமாக வானிலை மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது. அதனால் விமானிக்குத் திசையும் நிலையும் மயங்கின. நல்ல நிலையிலிருந்த விமானம் அப்படியே மலையில் மோதியது. இதுவே அந்த முடிவு. பின்னர் 2024 டிசம்பரில் பார்லிமெண்டின் பாதுகாப்பு நிலைக்கமிட்டி வெளியிட்ட அறிக்கையின் பட்டியலில் இதே விபத்தின் காரணம் ‘மனிதத் தவறு’ என்று குறிக்கப்பட்டிருந்தது. இந்த இரண்டு சொற்களையும் நாம் சற்று நிதானமாக ஆராயவேண்டும். மாண்டுபோன விமானி வந்து பதில் சொல்ல இயலாது. அவர்மீது இரண்டு சொற்களை எழுதிக் கோப்பைக் கட்டிவிடுவது சுலபம். ஆனால், அந்தத் தவறு நேர்வதற்கு வழி எப்படி ஏற்பட்டது என்று கேட்காதவரையில், அடுத்த விமானிக்கு அந்தச் சொற்களால் ஒரு பயனும் இல்லை.

மேகம் எங்கே பிறக்கிறது

மலைமேல் ‘பனி இறங்கிவிட்டது’ என்று சொல்கிறோம். பெரும்பாலும் அது பனியல்ல, மேகமே. கீழேயிருந்து பார்த்தால் மேகம். உள்ளே நின்று பார்த்தால் மூடுபனி. ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறும்போது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் ஒரு டிகிரி குளிர்கிறது. குளிரக் குளிர அதிலிருக்கும் ஈரம் துளியாக மாறுகிறது. அந்த உயரத்தில் மேகம் பிறக்கிறது. அது வானத்தில் எங்கிருந்தோ மிதந்து வருவதன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலையின் மடியில் உண்டாவது. ஆகவேதான் பத்து நிமிஷத்துக்கு முன் தெளிவாக இருந்த கணவாய், விமானம் வந்து சேரும்போது மூடிக்கிடக்கிறது.

இதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. காற்றின் உஷ்ணத்துக்கும், அதன் ஈரம் துளியாகும் உஷ்ணத்துக்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ, அதை 125-ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிப்பாகம் தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது உத்தேசமாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மாதத்தில் மழைவிட்ட ஒரு காலை. ஆம்பூர்ச் சமவெளியில் அந்த வித்தியாசம் மூன்று டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மேகத்தின் அடி 375 மீட்டரில் நிற்கும். ஏலகிரியின் உயர்ந்த பாகங்களோ சமவெளியிலிருந்து சுமார் 700 மீட்டர் எழுந்து நிற்கின்றன. ஜவ்வாது மலைத்தொடரும் அப்படியே. அதாவது, மலையின் மேற்பாதி மேகத்துக்குள் இருக்கும். ஆம்பூர்க் கடைத்தெருவில் நிற்பவனுக்கு அது வெறும் மப்பும் மந்தாரமுமான காலை. விமானிக்கோ அது மறைத்துவைத்த சுவர்.

வாணியம்பாடிக்கு அப்பால் ஜவ்வாது மலையில் காவலூரில் 725 மீட்டர் உயரத்தில் வைனு பாப்பு வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. நட்சத்திரங்களைப் பார்ப்பதற்கு ஏற்ற தெளிந்த வானம் பல மாதங்கள் கிடைப்பதால்தான் அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் மழைக்காலத்தில் அதே வானம் மூடிக்கிடக்கும் என்பதை அங்கு வேலை செய்வோர் நன்கறிவர். வருஷத்தில் எட்டு மாதம் சாதுவாக இருக்கும் மலை மற்ற நாட்களில் யமனாக மாறக்கூடும். எட்டு மாத அனுபவத்தை நம்பி மற்ற மாதங்களில் பறக்கிறவன் ஏமாந்துபோவான்.

காது சொல்லும் பொய்

மேகத்துக்குள் போனால் என்ன? நேராகப் போய் வெளியே வந்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. மனிதன் தான் நேராக இருக்கிறானா, சாய்ந்திருக்கிறானா என்பதைக் கண்ணாலும் காதினாலும் அறிகிறான். காதின் உட்பாகத்தில் திரவம் நிறைந்த மூன்று வளைந்த குழாய்கள் உண்டு. தலை திரும்பினால் அந்தத் திரவம் அசைந்து மூளைக்குச் சேதி சொல்கிறது. மெதுவாக, ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் உடன் சுழன்று நின்றுவிடுகிறது. மூளைக்குச் சேதி போவதில்லை. கண் திறந்திருந்தும் பார்ப்பதற்கு அடிவானம் இல்லை. விமானம் சாய்ந்து வட்டமிட்டுக் கீழே இறங்குகிறது. விமானியின் உடம்போ ‘நேராகத்தான் போகிறோம்’ என்று ஆணையிட்டுச் சொல்கிறது.

1954-ல் அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையில் இதைப் பரீட்சித்தார்கள். யந்திரங்களை மட்டும் பார்த்து ஓட்டும் பழக்கமில்லாத 20 பேரை வெளியே பார்க்க முடியாதபடி செய்து விமானம் ஓட்டச் சொன்னார்கள். பக்கத்தில் அனுபவசாலியான விமானி காவலுக்கு இருந்தார். இருபது பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. அனைவரும் விமானத்தின்மீது ஆதிக்கம் இழந்தனர். அதற்கு ஆன நேரம் சராசரி 178 வினாடி. மூன்று நிமிஷமும் இல்லை. ஆகவே மேகத்தில் புகுந்தவன் உயிர்தப்ப முதல் வழி, காது சொல்வதைத் தள்ளி யந்திரம் சொல்வதை நம்புவது. அதனினும் சிறந்த வழி, மேகத்துக்கு முன்பே திரும்பிவிடுவது. திரும்புவதற்கு விமானம் தடை சொல்வதில்லை. தடை சொல்பவர்கள் மனிதர்கள்.

தலைவர்களின் அவசரம்

இந்த இடத்தில், அரசியல் ஊழியர்களாகிய நமது வாசகர்களிடம் ஒளிவுமறைவின்றி ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. 2009-ம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி ஆந்திர முதல் மந்திரி ராஜசேகர ரெட்டி ஹைதராபாத்திலிருந்து சித்தூர் ஜில்லாவுக்குப் புறப்பட்டார். 1911 வரையில் நமது வட ஆற்காட்டுடன் சேர்ந்திருந்த பிரதேசம் அது. வேலூரிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அவருடைய ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் மோசமான வானிலையில் விழுந்தது. மறுநாள் காலையில்தான் இடம் கண்டுபிடிக்கப்பட்டது. ஐவர் மாண்டனர். 2011 ஏப்ரல் 30-ந் தேதி அருணாசலப் பிரதேச முதல் மந்திரி தோர்ஜி காண்டு தவாங்கிலிருந்து புறப்பட்ட ஹெலிகாப்டர் மலைகளில் காணாமற்போயிற்று. பல நாள் தேடிய பின்பே சிதைவுகள் அகப்பட்டன. அங்கும் ஐவர் மாண்டனர். இரண்டு வருஷத்துக்குள் பதவியிலிருந்த இரண்டு முதல் மந்திரிகளை மலையும் மேகமும் கொண்டுபோயின.

அவ்விரு விபத்துக்களிலும் விமானியை யாரேனும் அவசரப்படுத்தினார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. ஆனால் ‘பொதுக்கூட்டத்தில் ஜனங்கள் காத்திருக்கிறார்கள்’, ‘மந்திரி வந்தே தீரவேண்டும்’ என்ற பேச்சு நம் மேடைகளின் பின்னே எத்தனை முறை எழுகிறது என்பது ஊழியர்கள் அறியாததல்ல. தலைவர் தாமதமானால் கூட்டம் கலைந்துவிடுமே என்று கவலைப்படுகிறோம். மேகம் விலகட்டும் என்று சொல்லும் விமானியைக் கோழையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறோம். இந்தப் பார்வை ஒரு குற்றம். இதில் நாம் எல்லோருமே பங்காளிகள்.

யாத்திரை விஷயமும் அப்படியே. கேதாரநாதத்தில் 2022 அக்டோபர் 18-ந் தேதி பனிமூட்டத்தில் ஒரு சிறு ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேர் மாண்டனர். அவர்களில் தமிழ்நாட்டு யாத்திரிகர்களும் இருந்தனர். 2025 ஜூன் 15-ந் தேதி அதே பள்ளத்தாக்கில் மேகம் சூழ்ந்த காலையில் மற்றொரு ஹெலிகாப்டர் விழுந்து மீண்டும் ஏழு பேர் போயினர். மூன்றே வருஷத்துக்குள் ஒரே யாத்திரைப் பாதையில் இரு முறை! நமது ராஜ்யத்திலும் இது புதிதன்று. 1971 டிசம்பர் 9-ந் தேதி திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் சின்னமனூர்ப் பக்கத்து மலையில் மோதிப் பெரும்பாலோர் மாண்டனர். டிசம்பர் மாதமும் மேற்கு மலைகளும் நமக்கு மூன்று முறை ஒரே பாடத்தைச் சொல்லியிருக்கின்றன.

வால்ட் என்ற மேதை

கோத்தகிரி விபத்துக்குத் திரும்புவோம். 1950-ல் அங்கே மாண்டவர்களில் ஏபிரகாம் வால்ட் என்பவரும் அவர் மனைவியும் இருந்தனர். வால்ட் 1902-ல் அன்றைய ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் கணிதம் பயின்றவர். நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியபோது 1938-ல் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்து, கொலம்பியா சர்வகலாசாலையில் புள்ளிவிவர சாஸ்திரப் பேராசிரியராக விளங்கினார். இந்திய சர்க்காரின் அழைப்பின்பேரில் இங்கு பிரசங்கங்கள் செய்ய வந்தவர், நமது மலையில் தமது 48-வது வயதில் உயிர்நீத்தார்.

இந்த மேதை உலக யுத்தத்தின்போது செய்த வேலை என்ன தெரியுமா? யுத்த விமானங்கள் ஏன் விழுகின்றன என்பதைக் கணக்கிடுவது. குண்டுபட்டுத் திரும்பிவந்த விமானங்களில் எங்கெங்கே துளைகள் இருக்கின்றன என்று எண்ணிப்பார்த்தால், துளை அதிகமான இடத்தில் கவசம் போடவேண்டும் என்று தோன்றும். வால்ட் அதை வேறு விதமாகப் பார்த்தார். திரும்பிவந்த விமானங்கள் அந்தத் துளைகளைத் தாங்கிக்கொண்டு வந்தவை. வராமற்போனவை எங்கே அடிபட்டன? திரும்பிவந்தவற்றில் துளையே காணாத இடங்களில்தான், பெரும்பாலும். ஆகவே வந்தவற்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. வராதவற்றையும் கணக்கில் சேர் என்பது அவர் ஆராய்ச்சியின் சாரம்.

விமானங்கள் விழுவதைக் கணக்கிட்ட மேதை விமான விபத்திலேயே மாண்டார் என்பதை விதியின் விளையாட்டு என்று பலர் சொல்லிப் பெருமூச்சு விடுவர். நமக்குப் பெருமூச்சு போதாது. அவர் விட்டுச்சென்ற பாடம் வேண்டும். ‘இந்த வழியில் நூறு தடவை போய்வந்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்பது மலைப்பிரதேசத்தில் பறக்கிறவர்கள் சொல்லும் சமாதானம். அந்த நூறு தடவையில் எத்தனை தடவை மேகம் ஒரு விரற்கடை தூரத்தில் விலகியதோ யாருக்குத் தெரியும்? தப்பியவர்கள் கதை சொல்கிறார்கள். தப்பாதவர்கள் பேசுவதில்லை. தப்பியவர்களின் தைரியத்தை வைத்துச் சட்டம் செய்தால் அது மாண்டவர்களுக்குச் செய்யும் துரோகம்.

தோல் பதனிடும் மேஸ்திரிக்கு இது புரியாத விஷயமன்று. நல்லதாகத் தேறிய தோலை மட்டும் தடவிப் பார்த்துக்கொண்டு சந்தோஷப்படுகிறவன் மேஸ்திரியாக இருக்கமுடியாது. கழிவில் போன தோலை எடுத்துப்பார்த்து, சுண்ணாம்பில் கெட்டதா, டிரம்மில் கெட்டதா, உரித்தபோதே கத்தி பட்டதா என்று கண்டறிகிறவனே மேஸ்திரி. ஆகாயத்திலும் அந்த மேஸ்திரித்தனம் வேண்டும்.

தோல் நாடு தந்த நீதி

இந்தப் பாலாற்றுப் பிரதேசம் பாரத தேசத்துக்குத் தோலும் செருப்பும் மட்டும் கொடுக்கவில்லை. ஒரு பெரிய நீதியையும் கொடுத்திருக்கிறது. தோல் ஷாப்புக்களின் கழிவுநீரால் பாலாறும் கிணறுகளும் நிலங்களும் கெட்டன என்று வேலூர்ப் பிரஜைகள் தொடுத்த வழக்கில் 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. முன்னெச்சரிக்கைத் தத்துவம் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. கெடுதி வருமென்று முழு நிரூபணம் கிடைக்கும்வரை சும்மா இருக்கக்கூடாது. தன் காரியம் தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பு அந்தக் காரியத்தைச் செய்கிறவனுடையதே. ‘இதனால் தீங்கு என்று நீ நிரூபி’ என்று பாதிக்கப்பட்டவனைக் கேட்பது தலைகீழான நியாயம்.

அந்த நீதியை நாம் மறந்தபோது என்ன ஆயிற்று? 2015 ஜனவரி 31-ந் தேதி இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத்தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டனர். பிழைப்புக்காக வங்காளத்திலிருந்து வந்த ஏழைகளே அவர்களில் மிகப் பெரும்பாலோர். சுவர் நேற்றுவரை நின்றது. ஆகையால் இன்றும் நிற்கும் என்று எண்ணினார்கள். நின்ற நாட்களை எண்ணினார்களேயன்றிச் சுவரைச் சோதிக்கவில்லை. நூறு தடவை தப்பிய விமானத்தின் நியாயமும் இந்தச் சுவரின் நியாயமும் ஒன்றே.

ஆகாய மார்க்கத்துக்கும் முன்னெச்சரிக்கைத் தத்துவம் பொருந்தும் என்கிறோம். ‘பறப்பது அபாயம்’ என்று ஜனங்கள் நிரூபிக்கவேண்டியதில்லை. ‘இந்த மலைகளுக்கு நடுவே, இந்த வானிலையில் பறப்பது அபாயமற்றது’ என்று பறக்க விடுகிறவர்கள் காட்டவேண்டும்.

கேட்கவேண்டியவை

ஆகவே அப்துல்லாபுரத்தில் பிரயாணி விமானம் இறங்குமுன் நாம் கேட்கவேண்டியவை எவை? முதலாவதாக, வானிலை அறியும் கருவிகள். தளத்தில் மட்டும் வைத்துப் பயனில்லை. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் வைக்கவேண்டும். மேகத்தின் அடி எத்தனை உயரத்தில் இருக்கிறது, கணவாய் திறந்திருக்கிறதா என்று அவை இடைவிடாமல் தெரிவிக்கவேண்டும். அமெரிக்காவின் வடகோடியிலுள்ள அலாஸ்காவில் மலைக்கணவாய்களில் காமிராக்கள் அமைத்து, விமானி புறப்படுமுன்பே கணவாயைக் கண்ணால் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு விமானத்தின் விலையோடு ஒப்பிட்டால் சொற்பம்.

இரண்டாவதாக, மலை எச்சரிக்கைக் கருவி. நல்ல நிலையிலுள்ள விமானம் மலையில் மோதும் கொடுமையைத் தடுக்க டொனால்ட் பேட்மேன் என்ற யந்திர நிபுணர் தம் ஆயுளையே செலவிட்டு ஒரு கருவியை உருவாக்கினார். தரை நெருங்குகிறது, மேலே எழும்பு என்று விமானிக்கு அது உரக்கச் சொல்லும். பெரிய ஜெட் விமானங்களில் அதைக் கட்டாயமாக்கிய பின் இவ்வகை விபத்து வெகுவாகக் குறைந்தது. சிறு விமானம், பிரயாணி சிலரே என்பதற்காக அவர்கள் உயிர் மலிவாகிவிடுமா?

மூன்றாவதாக, திரும்பிவரும் உரிமை. கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானத்துக்குப் பொதுவாக 5 கிலோமீட்டராவது பார்வைத் தெளிவு வேண்டும் என்பது விதி. அதற்குக் குறைந்தால் மந்திரியானாலும் மொத்த வியாபாரியானாலும் ‘போ’ என்று சொல்ல அதிகாரம் இருக்கக்கூடாது. திரும்பிவந்த விமானியை எந்த முதலாளியும் கேள்வி கேட்கக்கூடாது. அவன் சம்பளத்தில் கைவைக்கக்கூடாது. நான்காவதாக, மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் பதிவுசெய்து வெளியிடவேண்டும். சொன்னவனைத் தண்டித்தால் அடுத்தவன் சொல்லமாட்டான். ஐந்தாவதாக, விசாரணை அறிக்கைகள் காலதாமதமின்றித் தமிழிலும் வெளிவரவேண்டும். மாண்டவன் தமிழன், விழுந்த மலை தமிழ்நாட்டு மலை, முதலில் ஓடிவந்தவன் தமிழ்க் கிராமத்தான். ஏன் விழுந்தது என்பதை மட்டும் அவன் படிக்கமுடியாத பாஷையில் எழுதிவைப்பது என்ன நியாயம்? ஆறாவதாக, மலைக்கிராமத்தாருக்கு முதலுதவிப் பயிற்சியும் தூக்குக்கட்டிலும் கொடுக்கவேண்டும். விபத்து நேர்ந்தால் முதலில் போய்ச்சேருபவர் ஜில்லா கலெக்டரல்ல. ஆடு மேய்க்கும் மலைவாசியே.

ஆட்சேபமும் பதிலும்

இவ்வளவும் செய்தால் டிக்கெட் விலை ஏறிவிடும், சிறு விமானம் கட்டுப்படியாகாது என்பர் சிலர். சென்னை–பெங்களூர் ராஜபாட்டையில் மாள்கிறவர்களை எண்ணினால் ஆகாயத்தில் மாள்கிறவர்கள் எம்மாத்திரம் என்பர் வேறு சிலர். இரண்டாவது பேச்சு உண்மையே, ஒப்புக்கொள்கிறோம். சாலை விபத்தைக் குறைக்கவும் போராடவேண்டியதுதான். ஆனால் ஒரு வீட்டில் திருடன் புகுந்தான் என்பதற்காக மற்றொரு வீட்டின் கதவைத் திறந்துபோடுவார் உண்டா? மேலும், சாலையில் செல்பவனுக்குச் சற்று நிதானித்து ஓரமாக நிற்கும் வழியாவது உண்டு. விமானத்தில் அமர்ந்தவன் தன் உயிரைப் பிறர் கையில் முழுவதும் ஒப்படைத்துவிட்டவன். ஒப்படைக்கப்பட்ட உயிருக்குக் காவல் அதிகம் வேண்டும், குறைவன்று.

முதல் பேச்சுக்குப் பதில் இதுவே. ஆற்றைக் கெடுக்காமல் தோல் பதனிடுவதற்குச் செலவாகும், தொழில் படுத்துவிடும் என்று ஒருகாலத்தில் சொன்னார்கள். சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செலவு செய்யத்தான் வேண்டியிருந்தது, தொழில் படுத்துவிடவில்லை. ஆம்பூர்ச் செருப்பு இன்றும் கடல் கடந்து போகிறது. பத்திரத்துக்கான செலவைத் தாங்கமுடியாத விமானம் பறக்க லாயக்கற்றது; அது தரையிலேயே நிற்கட்டும்.

மாண்டவர்களை நாம் குறைசொல்லவில்லை. குன்னூரில் போன விமானிகளும் வீரர்கள். நல்லமலையில் போனவர்களும் தங்கள் கடமையில் போனவர்கள். அவர்களுக்குச் செய்யும் மரியாதை சிலையல்ல, வருஷாந்தர அஞ்சலியுமல்ல. அவர்கள் விழுந்த காரணத்தால் இன்னொருவர் விழாமலிருக்கச் செய்வதே மரியாதை.

ஊழியர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே. அப்துல்லாபுரத்தில் முதல் விமானம் இறங்கும் நாளில் மாலை பிடித்துக்கொண்டு நிற்பதற்குமுன், ஏலகிரி உச்சியில் வானிலைக் கருவி இருக்கிறதா என்று ஒரு மனுவாவது எழுதுங்கள். உங்கள் தலைவர் மேகமூட்டமான காலையில் கூட்டத்துக்கு வராமற்போனால், ‘தலைவர் வரவில்லை, வானிலை சரியில்லை’ என்று தலைநிமிர்ந்து ஜனங்களிடம் சொல்லுங்கள். ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். கூட்டத்தை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.